எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள்

அவையோருக்கு வணக்கம்.

இரண்டு வைரஸ்களின் புரதங்களை ஒப்பிட்டேன் என்று சொன்னால் போதும், "எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது?" என்று கேட்டுவிடுவார்கள். 2003-இல் பரவிய சார்ஸ் வைரஸையும் 2019-இல் வந்த கொரோனா வைரஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸின் மேற்பரப்பில் முள்போல் நீட்டி நிற்கும் ஸ்பைக் புரதத்தை ஒப்பிட்டால் சுமார் 76 சதவீதம். வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸ் என்ற புரதத்தை ஒப்பிட்டால் சுமார் 96. எந்த எண்ணைச் சொல்வது?

ஏடு பதிப்பித்தவர்களுக்கு இது புரியும். படியெடுப்பவர் கை எங்கு வேண்டுமானாலும் தவறலாம். எதுகை விழும் சீரில் தவறினால் செய்யுளே காட்டிக்கொடுத்துவிடும். வைரஸிலும் பிழை எங்கும் விழுகிறது. பாலிமரேஸின் உள்ளே விழுந்தால் பெரும்பாலும் அந்த வைரஸோடு மடிகிறது. ஸ்பைக்கின் வெளிப்புறத்தில் விழுந்தால் தங்கிவிடுகிறது. வைரஸைத் தடுக்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளிடமிருந்து தப்பவும் சில வேளை கைகொடுக்கிறது. கொரோனா வைரஸ்களை இனம் பிரிப்பவர்கள் ஸ்பைக்கை விட்டுவிட்டுப் படியெடுக்கும் புரதப் பகுதிகளைப் பார்ப்பது இதனால்தான். அங்கே 90 சதவீதத்துக்கு மேல் ஒத்தால் ஒரே இனம். நாம் பேசும் இரண்டும் ஒரே இனம்தான்.

எனக்கு அலுக்காத இடம் ஒன்று உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த வரிசை. பாலிமரேஸின் நடுவே அப்படி மூன்று அமினோ அமிலங்கள். கோமாரி, போலியோ வைரஸ்களில் அவை கிளைசின், அஸ்பார்டிக் அமிலம், மறுபடியும் அஸ்பார்டிக் அமிலம். கொரோனா வைரஸ்களில் முதலாவது செரினாக மாறியிருக்கிறது. ரேபிஸிலும் தட்டம்மையிலும் மூன்றாவது அஸ்பரஜினாக மாறியிருக்கிறது. நடுவில் உள்ளது மட்டும் எங்கும் அசையவில்லை. ஆர்.என்.ஏ. இழை நீள உலோக அயனி வேண்டும். அதைப் பிடித்து வைப்பதில் இதற்குப் பங்கு உண்டு. முழு வரிசையையும் வைத்துச் சதவீதம் போட்டால் இந்தக் குடும்பங்கள் உறவென்றே தெரியாது.

இனி வெற்றிடங்கள். சார்ஸ் ஸ்பைக்கின் நீளம் 1255 அமினோ அமிலங்கள், புதியதன் நீளம் 1273. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் சில கட்டங்கள் காலியாக நிற்கும். பல கணக்கீடுகள் அவற்றைத் தள்ளிவிட்டே சதவீதம் சொல்கின்றன. தள்ளப்படுவதில் ஒரு நான்கு: புரோலின், ஆர்ஜினின், ஆர்ஜினின், அலனின். ஸ்பைக்கின் இரு துண்டுகளும் சேருமிடத்தில் செருகியிருக்கின்றன. இவை இருப்பதால்தான் நம் உயிரணுக்களிலுள்ள ஃபியூரின் என்ற நொதி அந்த இடத்தில் வெட்டுகிறது. சார்ஸில் அந்த நான்கு கட்டமும் வெறும் கோடு.