மலைச்சரிவில் வெள்ளமும் வேளாண்மைத் திட்டமும்

அவைத் தலைவர் அவர்களே, உதகை, குந்தா வட்டங்களிலிருந்து வந்திருக்கும் உழவர் பெருமக்களே, கால்நடை வளர்ப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

தண்ணீர் தங்காத நீலகிரி மலையில் வெள்ளம் ஏது என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பதிவானதையும் அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். முதலாவது வடகிழக்குப் பருவமழை, மலையின் கிழக்குப் பக்கத்தை அடித்தது. இரண்டாவது தென்மேற்குப் பருவமழை, மேற்குப் பக்கத்தைச் சீரழித்தது. குன்னூரும் கோத்தகிரியும் அஞ்ச வேண்டிய மாதங்கள் வேறு, கூடலூரும் எமரால்டும் அஞ்ச வேண்டிய மாதங்கள் வேறு. அப்படியிருக்க, மாவட்டம் முழுமைக்கும் ஒரே ஆண்டுச் சராசரியை வைத்துத் திட்டம் தீட்டினால், எந்த ஊரிலும் பெய்யாத ஒரு மழைக்கு நாம் ஆயத்தமாகிறோம் என்றுதான் பொருள். ஆகவே, திட்டத்தின் அலகு வட்டமோ ஊராட்சியோ அல்ல, ஓடையின் நீர்ப்பிடிப்பாக, அதாவது மழைநீர் வடிந்து அந்த ஓடையில் சேரும் நிலப்பரப்பாக, இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கேத்தி பாலாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் கேரட்டும் பீட்ரூட்டும் பூண்டும் விளைகின்றன. நடுவே ஓடை போகிறது. இருபுறமும் சரிவுகள் ஏறுகின்றன. சரிவில் உருளைக்கிழங்குக்குப் பார், அதாவது கிழங்கு நடும் மண்மேட்டு வரிசை, பிடிக்கும்போது மேலிருந்து கீழாகவே பிடிக்கிறார்கள். இதை அறியாமை என்று சொல்லும் அதிகாரிகளோடு எனக்கு உடன்பாடில்லை. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பது உழவருக்குத் தெரியும். அவர் கணக்கு அவருக்குச் சரியானதே. ஆனால் பாரோடு வழிந்தோடும் நீர் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடையில் சேர்கிறது. ஓடையின் படுகை உயர்கிறது. அதன்பின் சாதாரண மழைக்கே தண்ணீர் கரை தாண்டி, அறுவடைக்கு நிற்கும் கேரட் வயலில் புகுந்துவிடுகிறது. ஓடையைத் தூர்வார எவ்வளவு செலவழித்தாலும் அடுத்த மழையில் மண் திரும்ப வந்துவிடும். வேலையை மேலிருந்து தொடங்க வேண்டும்: சம உயரக் கோட்டையொட்டி, அதாவது சரிவுக்குக் குறுக்கே, மிகச் சிறிய சாய்வோடு பார் பிடித்து, மிகுதி நீரைப் புல் வளர்ந்த வடிகாலில் இறக்கிவிட்டால், கிழங்கும் அழுகாது, மண்ணும் போகாது.

அடித்துச் செல்லப்படும் மண்ணோடு இன்னொன்றும் போகிறது. வேரைத் தாக்கும் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961இல் கண்டறியப்பட்டது இந்த மலையில்தான். அதன் கூடுகள் ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். மேல் வயலில் ஒருவர் பயிர்சுழற்சி செய்து அதைக் கட்டுப்படுத்தினாலும் செய்யாவிட்டாலும், அதன் பலனைக் கீழ் வயல்காரரும் அனுபவிக்கிறார். ஓடையை அலகாகக் கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கால்நடைக்கு வருகிறேன். மண்வளப் பாதுகாப்பு ஒரு கோப்பு, தோட்டக்கலை ஒரு கோப்பு, கால்நடை பராமரிப்பு மற்றொரு கோப்பு. மூன்றும் ஒரே மேசையில் சந்திப்பது அரிது. படிமட்ட வயலின் வரப்புச் சரிவில் புல் நட்டால் அந்தச் சரிவு இடிந்து விழாது, அறுத்த புல் மாட்டுக்கும் ஆகும். இந்தப் புல்லுக்கு எந்தத் துறை பணம் ஒதுக்குவது என்பதில்தான் காரியம் நின்றுவிடுகிறது.

நம் மேய்ச்சல் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை மரத்துக்கும் கற்பூர மரத்துக்கும் தேயிலைக்கும் போய்விட்டதால், மாடுகள் சதுப்பு நிலங்களில் இறங்குகின்றன. அங்கே நத்தைகள் உண்டு. நத்தை வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு வருகிறது. மழைக்காலம் முடிந்தபின் மாடு மெலிந்து, தாடைக்குக் கீழ் வீங்கி, பால் வற்றினால், பலரும் தீவனக் குறை என்றே எண்ணிவிடுகிறார்கள். புழு நீக்க மருந்தும், மழைக்காலத்தில் மாட்டைத் தாக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பூசியும் அந்தந்தப் பக்கத்தின் மழைக்கு முன்பே போடப்பட வேண்டும். மேற்கே மே மாதத்தில், கிழக்கே செப்டம்பரில். அதற்காகச் சதுப்பில் வாய்க்கால் வெட்டி வடித்துக் காய்கறி போடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பெருமழையை உறிஞ்சி மெல்ல விடுவது அந்தச் சதுப்புதான். தோடர்களின் எருமைகளுக்குக் கோடையில் பச்சை கிடைக்கும் இடமும் அதுவே.

கிழக்குப் பள்ளத்தாக்குகளில் கடைப்போகம் ஆகஸ்ட், செப்டம்பரில் விதைக்கப்பட்டு, வடகிழக்கு மழை உச்சத்தில் இருக்கும்போது மண்ணுக்குள் நிற்கிறது. ஓடையை ஒட்டிய தாழ்வான பட்டையிலாவது அந்தப் போகத்தில் காய்கறியை விடுத்துத் தீவனப் புல் வைக்கலாம். புல் நாலு நாள் நீரில் நின்றாலும் மீண்டுவிடும். ஆனால் கேரட் தரும் வருமானத்தைப் புல் தராது. அந்த இழப்பைத் தனி உழவர் தலையில் கட்டாமல், மேல் சரிவில் இருப்போரும் கீழே இருப்போரும் பால் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து புல்லுக்கு முன்கூட்டியே விலை பேச வேண்டும். அரசு அதற்கு முதல் சில ஆண்டுகள் கைகொடுக்க வேண்டும்.

இறுதியாக நிவாரணம். விளைச்சலில் 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் இடுபொருள் நிவாரணம் கிடைக்கும். கணக்கெடுப்போ பட்டாவைப் பார்த்தே நடக்கிறது. இங்கே பள்ளத்தாக்கு வயல்களில் கணிசமானவை குத்தகைக்குப் பயிரிடப்படுபவை. விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவர் ஒருவர், நிவாரணம் பெறுபவர் இன்னொருவர் என்ற நிலை இருக்கும்வரை, ஓடைக்கரையில் புல் வை என்று குத்தகைதாரரிடம் எந்த முகத்தோடு சொல்வது? மழைக்கு முன்பே ஒவ்வொரு ஓடையிலும் யார் என்ன பயிரிட்டிருக்கிறார் என்ற பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலை உதவி அலுவலரும் சேர்ந்து எழுதி வைக்க வேண்டும் என்று இந்த அவையின் முன் கோருகிறேன்.