செங்கமலத்துக்கு உயிரோட போடணுமா, கொன்னு போடணுமா?

வணக்கம் மக்களே. இன்னிக்குச் செம கடுப்புல இருக்கேன், முதல்லயே சொல்லிடுறேன். நான் வளர்க்கிற பூரான் செங்கமலத்துக்கு இரையா வாங்குற டூபியா கரப்பான் (இரைக்குன்னே வளர்த்து விக்கிற வகை) 10 உருப்படி 300 ரூபா! போன தடவை 180. கூரியர் காசு தனி. அதாவது ஒரு கரப்பான் 30 ரூபா, கேட்டுக்கோங்க. சரின்னு அழுதுட்டு வாங்கினா, டப்பாவைத் திறக்கும்போதே 4 செத்துக் கிடக்கு. மூடியில குண்டூசியால ரெண்டு ஓட்டை, அவ்ளோதான். இந்த வெயில்ல! முட்டை அட்டை ஒரு துண்டு வச்சா குறைஞ்சா போயிடுவாங்க? விக்கிறவங்க யாருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

ஏன் இவ்ளோ கத்துறேன்னா, போன வீடியோவுல செங்கமலம் சாப்பிடுறதைக் காட்டினதுக்குப் பாதிப் பேர் "உயிரோட போடுறியே, பாவம் இல்லையா"ன்னு திட்டியிருக்கீங்க. மீதிப் பேர் "அக்கா, அடுத்து தேளோட மோத விடுங்க"ன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல திட்டினவங்களுக்குப் பதில். தேள் கோஷ்டி கொஞ்சம் உக்காருங்க, உங்களுக்குத் தனியா இருக்கு.

கரப்பானுக்கு வலியே தெரியாதுன்னு சொல்லி நான் நழுவப் போறதில்ல. பூச்சிகளுக்கு வலி உண்டான்னு அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியை எல்லாம் அலசி 2022-ல ஒரு கட்டுரை வந்துச்சு. மொத்தம் 8 அளவுகோல். வளர்ந்த கரப்பானுக்கு அதுல 6 பொருந்துது. வெட்டுக்கிளி வகைக்குக்கூட அவ்ளோ ஆதாரம் இல்ல. நான் போடுறது என்ன? கரப்பான்!

உயிரோட போட்டா என்ன ஆகும்னு பக்கத்துல உக்காந்து பார்க்கிறவ சொல்றேன். செங்கமலத்தோட மீசை கரப்பான் மேல பட்டதும் ஒரே பாய்ச்சல். முன்னாடி இருக்கிற கால்களால வளைச்சுப் பிடிச்சுக்குவா. தலைக்கு அடியில கொடுக்கு மாதிரி ரெண்டு இருக்கு பாருங்க, அதுவும் காலுதான், விஷம் ஏத்துற காலா மாறியிருக்கு. அது இறங்கினதும் கரப்பான் உதறும், அப்புறம் உதறல் குறையும். சில நேரம் அது முழுசா அடங்குறதுக்கு முன்னாடியே இவ வயித்துப் பக்கத்துலேர்ந்து தின்ன ஆரம்பிச்சுடுவா. அதை மட்டும் என்னால பார்க்க முடியல. விஷம் லேசுப்பட்டது இல்ல, தன்னைவிட 15 மடங்கு கனமான எலியைச் சீனாவுல ஒரு பூரான் அரை நிமிஷத்துல படுக்க வச்சதா 2018-ல எழுதியிருக்காங்க. ஆனா சீக்கிரம் படுக்குறதும் வலிக்காம போறதும் ஒண்ணு இல்லையே.

அப்ப கொன்னு போடலாமே? போடலாம். எப்படிக் கொல்றதுங்கிறதுதான் தலைவலி. தலையை நசுக்கினா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. கரப்பான் தலை இல்லாமலே நாள்கணக்குல இருக்கும். அதுக்கு மூச்சு உடம்புல இருக்கிற ஓட்டை வழியா, நரம்பு முடிச்சும் உடம்பு நெடுக இருக்கு. அதனால நான் ஃப்ரீசர்ல வைக்கிறேன். அரை மணி நேரத்துல எடுத்தா வெறும் மயக்கம்தான், வெளிய வந்து எழுந்து ஓடும். ராத்திரி முழுக்க இருக்கணும். குளிர்ல அதுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கடிபட்டு உதறிக்கிட்டே இருக்கிறதுக்கு இது தேவலைன்னு எனக்குப் படுது. அம்மா ஐஸ்கிரீம் டப்பான்னு நினைச்சுத் திறந்தது தனிக் கதை.

இப்ப சந்தோஷ சமாசாரம். செத்ததை செங்கமலம் எடுத்துக்கிட்டா! ரப்பர் முனை வச்ச ஒரு அடி நீளக் கிடுக்கியில பிடிச்சு, மீசைல லேசா உரசி, மெதுவா ஆட்டினேன். ஒரு தடவை பின்வாங்கினா. மறுபடி உரசினேன், பிடிச்சா பாருங்க ஒரு பிடி, கிடுக்கியே கையை விட்டுப் போச்சு. வெறும் இரும்புக் கிடுக்கி வேண்டாம், கொடுக்கு உடையும். குட்டைக் கிடுக்கி வேண்டவே வேண்டாம், அதுல ஏறிக் கைக்கு வந்துடுவா. ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன், ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து அப்படியே கொடுக்காதீங்க, சில்லு போகட்டும்.

எல்லாப் பூரானும் செத்ததை எடுக்காது. எடுக்காட்டி உயிரோட போடுங்க, பட்டினி போடாதீங்க, அதுவும் உயிர்தான். ஆனா சின்னதா ஒண்ணு போடுங்க, தின்னலைன்னா வெளிய எடுத்துடுங்க. தோல் உரிச்ச நேரத்துல உடம்பு மெத்துன்னு இருக்கும், உள்ள திரியுற பூச்சி இவளையே கடிச்சு வைக்கலாம். வீட்டுல ஓடுற கரப்பானைப் போடலாமான்னு மறுபடி கேக்காதீங்க. எந்த மருந்தை நக்கிட்டு வந்துச்சோ!

என்னைக் கேட்டா, பெரிய பாவம் அந்தக் கடைசி நிமிஷத்துல இல்ல, காத்தில்லாத கூரியர் டப்பாவுலதான் இருக்கு. அதனால இனிமே நானே வளர்க்கப் போறேன். முட்டை அட்டை, கேரட், நல்ல இருட்டுன்னு ஆரம்பிக்கப் போறேன். டூபியா வழவழப்பான பிளாஸ்டிக்ல ஏறாது, அம்மா பயப்பட வேண்டாம்.

இப்ப தேள் கோஷ்டி. நம்ம ஊரு 1960-ஆம் வருஷ பிராணி வதைத் தடுப்புச் சட்டத்துல பிராணின்னா மனுஷனைத் தவிர எல்லா உயிரும். கரப்பானும் சேர்த்திதான். இங்கிலாந்துல 2022-ல போட்ட சட்டத்துல நண்டு வரைக்கும் வந்துட்டு நின்னுட்டாங்க, பூச்சி இல்ல. நம்மளோட 11-ஆவது பிரிவுல, வெறும் வேடிக்கைக்காக ஒண்ணை அடைச்சு வச்சு இன்னொண்ணுக்கு இரையாக்குறதும், ரெண்டை மோத விடுறதும் குத்தம்னே இருக்கு. பசிக்குப் போடுறது வேற, வியூஸுக்குப் போடுறது வேற. பின்னணி இசை போட்டு, ஸ்லோ மோஷன்ல, "யாரு ஜெயிப்பா"ன்னு தலைப்பு வைக்கிற சேனல்கள் எனக்கு அறவே ஆகாது. தேள் வேணும்னா அங்க போங்க, சப்ஸ்கிரைபர் குறைஞ்சா குறையட்டும்.

அடுத்த வீடியோ டூபியா பெட்டி. முட்டை அட்டை சும்மா கொடுக்கிற கடை பக்கத்துல இருந்தா கீழ சொல்லுங்க, எங்க அண்ணாச்சி அதுக்கும் காசு கேக்குறார்.