வாய்க்கால் நீரும் கிணற்று நீரும்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

தாமிரபரணிப் பாசனத்தில் வாழ்கிறவர்களுக்கு மடைமாற்றம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கும் சாலைக்கும் என்று வெளிநாடுகள் தரும் வளர்ச்சி உதவி ராணுவத்தின் கைக்குப் போவதையும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறோம். அது இரண்டு வழிகளில் நடக்கிறது.

ஒரு வழி கண்ணுக்குத் தெரியும். ஜப்பான் 2017 முதல் 2019 வரையில் மியான்மருக்குப் பயணிகள் கப்பல்கள் மூன்றை வழங்கியது. அவற்றுள் இரண்டு, 2022 செப்டம்பரில் ராக்கைன் மாநிலத்தில் படைவீரர்களை ஏற்றிச் சென்றது பின்னர் உறுதியாகி, ஜப்பான் எதிர்ப்புத் தெரிவித்தது. இத்தனைக்கும், தன் உதவி ராணுவப் பயன்பாட்டுக்குப் போகக் கூடாது என்று 1992ஆம் ஆண்டிலேயே சாசனம் எழுதிவைத்த நாடு அது.

மற்ற வழியில் ஒரு ரசீதுகூடப் பொய்யாக இராது. வாய்க்கால் தண்ணீர் வயலுக்கு வந்துவிட்டால், அதுவரை வயலுக்கு இறைத்த கிணற்றுத் தண்ணீரைச் செங்கல் சூளைக்கு விற்றுவிடலாம் அல்லவா? வெளிநாட்டுப் பணத்தில் பள்ளி எழும்பியதும், பள்ளிக்கென்று வைத்திருந்த வரிப்பணத்தைத் துப்பாக்கிக்குத் திருப்பும் அரசு செய்வதும் இதுதான். ஆப்பிரிக்க நாடுகளின் ராணுவச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதத்தை, கொடுத்தவர்கள் அறியாமலே, வளர்ச்சி உதவி தாங்குகிறது என்று பொருளியலாளர் பால் கோலியர் கணித்தார். பள்ளிச் சுவரை அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், உதவி பெறும் அரசு ராணுவ ஒதுக்கீடு உட்படத் தன் முழு வரவு செலவையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதையே முதல் நிபந்தனையாக்க வேண்டும் என்பது என் கருத்து.

கப்பல் விஷயம் இதைவிட எளிது. ஆனால் கப்பல் வாங்கிய ரசீதோடு நின்றுவிடும் தணிக்கைக்கு அது அகப்படாது. நான் தணிக்கைப் பணியில் இருந்தபோது, ஓர் அலுவலக ஜீப்பின் லாக் புக் என் மேசைக்கு வந்தது. முப்பது நாள் ஓட்டமும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடாமல், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது. டீசல் ரசீதுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின்தான் வண்டி பாதி நாள் வேறெங்கோ ஓடியது புலப்பட்டது. கப்பலுக்கும் லாக் புக் மட்டும் போதாது. எரிபொருள் கணக்கையும் துறைமுகப் பதிவையும், பெறும் அரசைச் சாராத ஒருவர் பார்வையிடலாம் என்றும், பார்த்த பிறகே உதிரிபாகமும் அடுத்த தவணையும் வரும் என்றும், கப்பலை ஒப்படைக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாளில் கப்பல் வந்ததா என்று, துறையில் மூட்டையோடு காத்திருந்த பயணியிடம் நேரில் கேட்கும் உரிமையும் அந்தத் தணிக்கையாளருக்கு இருக்க வேண்டும்.