கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப்: நேரடி இடம் வேண்டும், இலவச ஓய்வு வேண்டாம்

வணக்கம் மக்களே. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் நாக்அவுட் தொடர், அதைப் பற்றித்தான் இன்றைய வீடியோ. கையில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஃபுட்பால். கோப்பை கொடுத்து முடித்த பிறகும் ஓயாத ஒரு சண்டை இதில் உண்டு. யாருக்கு நேரடி இடம், அதாவது பட்டம் வென்றதற்காகவே கிடைக்கும் இடம், கொடுப்பது? உள்ளே வந்தவர்களை எந்த வரிசையில் நிறுத்துவது? இந்த இரண்டையும் ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்பியதால்தான் இவ்வளவு மனக்கசப்பும் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிடலாம். மேல்மட்டத்தில் 130க்கும் அதிகமான கல்லூரி அணிகள் ஆடுகின்றன. ஒரு அணிக்கு வழக்கமான சீசனில் 12 ஆட்டம்தான். எல்லோரும் எல்லோரோடும் மோதிப் பார்க்க வழியே இல்லை. அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுமங்களாகப் பிரிந்து ஆடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சாம்பியன் உண்டு. எஸ்இசியும் பிக் டென்னும் பெரிய கைகள், அடுத்து ஏசிசி, பிக் 12. மவுண்டன் வெஸ்ட், சன் பெல்ட், அமெரிக்கன் எல்லாம் சிறியவை. எஸ்இசியில் இரண்டு ஆட்டம் தோற்ற அணி பெரிதா, மவுண்டன் வெஸ்டில் ஒன்றே ஒன்று தோற்ற அணி பெரிதா? இதற்குக் களத்தில் பதில் கிடையாது. அதனால் 13 பேர் கொண்ட தேர்வுக் குழு உட்கார்ந்து தரவரிசை போடுகிறது.

2014 சீசனிலிருந்து 2023 வரை நான்கே அணிகள்தான். நான்கையும் குழுவே தேர்ந்தெடுத்தது, நேரடி இடம் என்று ஒன்றே இல்லை. அதன் விளைவு தெரியுமா? 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13லும் ஜெயித்தது, ஏசிசி பட்டத்தையும் வென்றது. ஆனாலும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், ஜோர்டன் டிராவிஸுக்குக் காலில் அடிபட்டுவிட்டது, இனி இந்த அணி பழைய அணி இல்லை என்பது காரணம். ஒரு ஆட்டம் தோற்றிருந்த அலபாமா உள்ளே போனது. 2017இல் சிறிய கான்ஃபரன்ஸ் அணியான யுசிஎஃப் ஒரு தோல்விகூட இல்லாமல் இருந்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அணி பீச் பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஆபர்னை 34-27 என்று வென்றது. அதே சீசனில் அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் தோற்கடித்திருந்த ஆபர்னை! நேரடி இடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த இரண்டு சீசன்களும்தான். ஜெயிக்க ஜெயிக்கக் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தால் அப்புறம் ஆடி என்ன பயன்?

2024இல் 12 அணிகள் ஆனது. கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் தரவரிசையில் முன்னே இருக்கும் ஐந்து பேருக்கு நேரடி இடம், மீதி ஏழு பேரைக் குழு தரவரிசைப்படி எடுக்கும். இதுவரை சரி. அடுத்து ஒன்று சேர்த்தார்கள் பாருங்கள், அங்கேதான் கோணல். முதல் நான்கு சீடுகளும், அதாவது பிளேஆஃப் வரிசையின் முதல் நான்கு இடங்களும், சாம்பியன்களுக்கு மட்டும்தான், அந்த நான்கு அணிகளுக்கும் முதல் சுற்றில் ஆட்டமே கிடையாது, நேராகக் காலிறுதி.

திரையில் அந்த ஆண்டின் பட்டியலைப் போட்டிருக்கிறேன். தரவரிசையில் 9ஆவதாக இருந்த பாய்சி ஸ்டேட் 3ஆவது சீடு. 12ஆவதாக இருந்த அரிசோனா ஸ்டேட் 4ஆவது சீடு. தரவரிசையில் 3ஆவதான டெக்ஸஸ் 5ஆவது சீடு ஆனது, 4ஆவதான பென் ஸ்டேட் 6, 6ஆவதான ஒஹாயோ ஸ்டேட் 8.

இதில் அதிகம் அடிபட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? டெக்ஸஸ் என்றுதான் பலரும் சொன்னார்கள். எனக்கு ஆரெகன்தான். 13-0, பிக் டென் சாம்பியன், முதல் சீடு, நாட்டிலேயே நம்பர் ஒன். அவர்களுக்குக் காலிறுதியில் வந்து நின்றது ஒஹாயோ ஸ்டேட். அக்டோபரில் 32-31 என்று ஒரே ஒரு புள்ளியில்தான் ஆரெகன் அந்த ஒஹாயோ ஸ்டேட்டைத் தாண்டியிருந்தது. தரவரிசைப்படி நேராக அடுக்கியிருந்தால் ஆரெகன் எதிரே இண்டியானாவோ பாய்சி ஸ்டேட்டோ வந்திருக்கும், ஒஹாயோ ஸ்டேட் டெக்ஸஸ் பக்கம் போயிருக்கும். சாம்பியனுக்கு மரியாதை செய்கிறோம் என்று போட்ட விதி, சாம்பியன்களிலேயே சிறந்த அணியைத்தான் கடைசியில் தண்டித்தது. ரோஸ் பவுல் என்ற அந்தக் காலிறுதியில் ஆரெகன் ஒரு புள்ளி எடுப்பதற்குள் ஒஹாயோ ஸ்டேட் 34 எடுத்துவிட்டது, முடிவு 41-21. அந்த ஒஹாயோ ஸ்டேட்தான் கோப்பையையும் தூக்கியது.

முதல் சுற்றில் ஓய்வு கிடைத்த மற்ற மூன்று அணிகளும் அதே காலிறுதியோடு ஊருக்குப் போனார்கள். அரிசோனா ஸ்டேட் போனதுதான் மனதை ரொம்பப் பிசைந்தது. சீசனுக்கு முன் பிக் 12இல் கடைசி இடம் என்று கணிக்கப்பட்ட அணி அது. டெக்ஸஸிடம் 24-8 என்று பின்தங்கிக் கிடந்தது. கேம் ஸ்கட்டபோ என்ற ரன்னிங் பேக், ஓடுவதே வேலையாக உள்ள ஆள், 42 யார்டுக்குப் பந்தை எறிந்து டச்டவுன், அதாவது எல்லைக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி, ஆக்கினார். அப்புறம் தானே ஓடிப் போய் இன்னொன்று. 24-24. ஓவர்டைமில் முதலில் புள்ளி எடுத்ததும் அரிசோனா ஸ்டேட்தான். டெக்ஸஸுக்குக் கடைசி வாய்ப்பு, நான்காவது டவுன், 13 யார்டு வேண்டும். அதைத் தடுத்துவிட்டால் கதை முடிந்தது. க்வின் யூவர்ஸ் எறிந்தார், 28 யார்டு, டச்டவுன். இரண்டாவது ஓவர்டைமில் 39-31 என்று டெக்ஸஸ் தப்பித்தது. இந்த ஆட்டத்தைப் பார்த்த யாரும் அரிசோனா ஸ்டேட் உள்ளே வரத் தகுதி இல்லாத அணி என்று சொல்ல முடியாது. 4ஆவது சீடுக்குத் தகுதியா என்பது வேறு கேள்வி. நான் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

சரி, நேரடி இடத்தால் அந்த ஆண்டு உண்மையில் என்ன மாறியது? ஒரே ஒரு இடம். தரவரிசையில் 16ஆவதாக இருந்த க்ளெம்சன் உள்ளே, 11ஆவதாக இருந்த அலபாமா வெளியே. க்ளெம்சன் எப்படி வந்தது தெரியுமா? ஏசிசி இறுதி ஆட்டம், எஸ்எம்யூவோடு 31-31, கடிகாரம் ஓடி முடிகிறது, 56 யார்டு தூரத்திலிருந்து நோலன் ஹவ்சர் என்ற முதலாண்டு மாணவர் உதைக்கிறார். பந்து கம்பங்களுக்கு நடுவே போகிறது, 34-31. அலபாமா அந்த சீசனில் வாண்டர்பில்ட்டிடம் தோற்றது, டென்னசியிடம் தோற்றது, ஓக்லஹோமாவிடம் 24-3 என்று தோற்றது. குறுக்கு வழியில் வந்தது க்ளெம்சன் என்று சொன்னவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

2025 மே மாதம் விதியை மாற்றினார்கள். ஐந்து சாம்பியன்களுக்கு நேரடி இடம் அப்படியே இருக்கும், சீடிங் மட்டும் தரவரிசைப்படி நேராக. எனக்கு இது நியாயமான திருத்தம். ஆனால் அந்த ஆண்டே வேறு ஒன்று வெடித்தது. ஏசிசியில் ட்யூக் 8-5 என்ற கணக்கோடு, அதாவது 8 வெற்றி 5 தோல்வியோடு, பட்டம் வென்றுவிட்டது, தரவரிசையிலேயே அது இல்லை. அதனால் 20ஆவது இடத்திலிருந்த டுலேனும் 24ஆவது இடத்திலிருந்த ஜேம்ஸ் மேடிசனும் சாம்பியன்களாக உள்ளே வந்தன. 11ஆவதான நோட்ர டேமும் 12ஆவதான பிஒய்யூவும் வெளியே.

டுலேன் 41-10 என்று ஓலே மிஸ்ஸிடம் தோற்றது, ஜேம்ஸ் மேடிசன் 51-34 என்று ஆரெகனிடம். பார்த்தீர்களா, சின்ன அணிகளைச் சேர்த்தால் இப்படித்தான் என்று உடனே கிளம்பிவிட்டார்கள். அப்படியானால் 2024இல் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 42-17 என்று தோற்ற டென்னசி எந்தச் சின்ன கான்ஃபரன்ஸ்? 2025 காலிறுதியில் இண்டியானாவிடம் 38-3 என்று நொறுங்கிய அலபாமா? இவர்கள் எல்லாம் குழு தேர்ந்தெடுத்த அணிகள். பெரிய அணி 35 புள்ளியில் தோற்றால் மோசமான நாள், சின்ன அணி தோற்றால் தகுதியில்லை. இந்த இரண்டு அளவுகோலை என்னால் ஏற்கவே முடியாது.

நோட்ர டேமின் வருத்தம் எனக்குப் புரிகிறது. முந்தைய வாரம் 10ஆவது இடம், அந்த வாரம் ஆட்டமே ஆடவில்லை, கடைசிப் பட்டியலில் 11. மயாமி அவர்களைத் தாண்டிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் நடந்த நேருக்கு நேர் ஆட்டத்தில் மயாமி 27-24 என்று வென்றது உண்மை. ஆனால் அது நவம்பரிலும் உண்மைதானே? அப்போதெல்லாம் கணக்கில் வராமல் கடைசி நாளில் ஏன் வந்தது? பிஒய்யூ கதை இன்னும் வலிக்கும். பிக் 12 இறுதியில் டெக்ஸஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றதும் ஒரு இடம் கீழே தள்ளினார்கள். அதே நாள் எஸ்இசி இறுதியில் ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்ற அலபாமா 9ஆவது இடத்தில் அசையாமல் இருந்தது. அநியாயம் என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள். டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் எழுதி வைத்த விதிப்படி வந்தவர்கள். பிஒய்யூ எந்த எழுதப்பட்ட விதியால் கீழே போனது?

சீடிங்கை முழுக்கத் தரவரிசைக்கு விட்டதால் குழுவின் கை இன்னும் வலுத்திருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆகவே கான்ஃபரன்ஸ் இறுதியில் தோற்றால் என்ன ஆகும், நேருக்கு நேர் முடிவு எப்போது கணக்கில் வரும், இந்த இரண்டையும் சீசன் தொடங்கும் முன்பே எழுதி வெளியிட வேண்டும்.

அந்த முதல் சுற்று ஓய்வு இருக்கிறதே, அது வரமா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது. 2024, 2025 இரண்டு சீசனில் ஓய்வு கிடைத்த எட்டு அணிகளில் காலிறுதியைத் தாண்டியது 2025 இண்டியானா மட்டும்தான். அது 16-0 என்று கோப்பையும் வென்றது. முதல் சுற்றில் தங்கள் பல்கலைக்கழக மைதானத்தில் சொந்த ரசிகர்கள் முன் ஆடிய அணிகளோ எட்டு ஆட்டத்தில் ஆறு வென்றன. காலிறுதியையும் மேலே உள்ள அணியின் மைதானத்திலேயே வைத்தால் அதுதான் சாம்பியனுக்கு உண்மையான பரிசு.

கடைசியாக, இப்போது நடக்கும் பேரம். பிக் டென் முன்வைத்த ஒரு திட்டத்தில் 16 அணிகள், அதில் எஸ்இசிக்கும் பிக் டென்னுக்கும் ஆளுக்கு நான்கு இடம் உறுதி. இதையும் நேரடி இடம் என்றே அழைக்கிறார்கள். பட்டம் வென்றவருக்குக் கிடைப்பது நேரடி இடம். ஒரு பந்துகூட எறியாமல் நான்கு இடத்துக்கும் துண்டு போட்டு வைப்பதை நான் அந்தப் பெயரில் சேர்க்க மாட்டேன். 2026க்கு 12 அணிகளே தொடர்கின்றன. ஆனால் நான்கு பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்களும் தரவரிசை எப்படி இருந்தாலும் உள்ளே, மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம். இந்த விதி ஒரு வருடம் முன்பே இருந்திருந்தால் 8-5 ட்யூக் உள்ளே போயிருக்கும், 12-1 ஜேம்ஸ் மேடிசன் வீட்டில் உட்கார்ந்திருக்கும். தரவரிசையில் முன்னே உள்ள ஐந்து சாம்பியன்கள் என்ற பழைய விதி எந்த கான்ஃபரன்ஸின் பெயரையும் பார்க்கவில்லை, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.