பிளொப்பியில் கிடக்கும் சம்பளக் கணக்கு

திருகோணமலை நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் உறவுகளுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

எண்பதுகளின் கடைசியிலிருந்து இந்த நகரத்துக் கடைகளிலும் சிறிய கம்பனிகளிலும் கணக்கு எழுதும் கம்ப்யூட்டர்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். அந்தக் காலத்தில் வியாபாரக் கணக்கை பிளொப்பி டிஸ்கில் எப்படிப் பிரதி எடுத்து வைத்தோம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். பேசுகிறேன். ஆனால் பழங்கதை என்று நினைத்து வானொலியை மூடிவிடாதீர்கள். அந்த டிஸ்குகளில் பல இன்னும் உங்கள் கடை லாச்சியிலோ வீட்டு அலுமாரியிலோ கிடக்கின்றன. உங்களிடம் வேலை செய்தவர்களின் சம்பளக் கணக்கும் அவற்றுக்குள்தான் இருக்கிறது. அதை வெளியே எடுக்க இன்றைக்கும் வழி உண்டு. இன்னும் சில வருடம் போனால் இருக்குமா என்பது சந்தேகம்.

இளையவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பிளொப்பி என்பது கம்ப்யூட்டர் கோப்புகளைப் பதிந்து வைக்கும் காந்தத் தகடு. பிளொப்பியில் இரண்டு வகை இங்கே புழங்கியது. ஒன்று வளையக்கூடிய 5.25 அங்குல டிஸ்க். 360 கிலோபைட் அல்லது 1.2 மெகாபைட் பிடிக்கும். மற்றது கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்ட 3.5 அங்குல டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு 80 வட்டம், வட்டத்துக்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்கள், 14,74,560 பைட் வரும். அதைத்தான் 1.44 மெகாபைட் என்று பெட்டியில் அடித்திருப்பார்கள். இன்றைய போனில் எடுக்கும் ஒரு படம்கூடப் பெரும்பாலும் அதற்குள் அடங்காது. ஆனால் கடைக் கணக்கு படம் இல்லையே. டிபேஸ் என்ற தரவுப் பதிவு புரோகிராமில் ஒரு பில்லுக்கு 100 பைட் என்று வைத்தால் ஒரே டிஸ்கில் 14 ஆயிரம் பில் போகும். மத்திய வீதியில் ஒரு நடுத்தரக் கடையின் பல மாத வியாபாரம் சட்டைப் பையில் அடங்கியது.

கடை பூட்டுகிற நேரத்தில்தான் அந்த வேலை நடக்கும். முதலில் கணக்கு புரோகிராமை முறையாக மூட வேண்டும். இது முக்கியம். டிபேஸ் கோப்பின் தலைப்பகுதியில் மொத்தம் எத்தனை பதிவு என்ற எண் இருக்கிறது. கோப்பு திறந்திருக்கும்போது கரண்ட் போனால் அந்த எண் பழையதாகவே நின்றுவிடும். அன்றைக்கு அடித்த பில்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். நம் ஊரில் அந்த நாட்களில் கரண்ட் எந்த நேரம் போகும் என்று யாருக்குத் தெரியும்? பிறகு தரவுக் கோப்புகளை மட்டும் பிரித்து எடுப்போம். பதிவுகளைத் தேடுவதற்கான இன்டெக்ஸ் கோப்புகளை விட்டுவிடலாம், அவற்றைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ள முடியும். விண்டோஸுக்கு முந்திய டொஸ்ஸின் பேக்கப் கட்டளையோ, கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் பிகேசிப் புரோகிராமோ, இருப்பதை வைத்து டிஸ்க் டிஸ்காக எழுதி, ஒவ்வொன்றிலும் திகதியும் வரிசை எண்ணும் ஒட்டுவோம்.

ஒரே டிஸ்கில் தினமும் மேலே மேலே எழுதுவதை நான் எந்தக் கடையிலும் அனுமதித்ததில்லை. காரணம் எளிது. பழுதான கோப்பை நல்ல பிரதியின் மேல் எழுதிவிட்டால் இரண்டும் போச்சு. மகன், தகப்பன், பாட்டன் என்று மூன்று தலைமுறையாக வைப்பதுதான் முறை: தினசரி டிஸ்குகள், வாரக் கடைசி டிஸ்குகள், மாத முடிவு டிஸ்குகள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடை மூடுகிற முதலாளிமார் வியாழன் இரவே வாரப் பிரதியை எடுத்துவிடுவார்கள். ஆளுக்கு ஆள் நாள் மாறும், ஒழுங்கு மாறக்கூடாது.

சரி, எழுதுவது சுலபம். திருப்பிப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பிளொப்பி டிரைவில் எழுதும் தலை மிக மெல்லிய வட்டத்தின் மேல் சரியாக நிற்க வேண்டும். பாவித்துப் பாவித்து அது மயிரிழை விலகிவிடும். விலகிய தலை விலகிய இடத்திலேயே எழுதும், அதே இடத்தில் படிக்கவும் செய்யும். அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் எரிந்துபோய், டிஸ்கை வேறொன்றில் போடும்போதுதான் ‘டேட்டா எரர்’ என்று திரை சொல்லும். அப்போது யார் என்ன செய்ய முடியும்? ஆகவே மாத முடிவுப் பிரதியை வேறொரு கடைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய், தனி இடத்தில் இறக்கி, பரீட்சை மீதியை, அதாவது எல்லாக் கணக்குகளின் வரவு செலவு மீதிப் பட்டியலை, பிரின்ட் எடுத்து, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்போம். கிண்ணியாவில் பாலம் வந்தது 2009 ஒக்டோபரில். அதற்கு முன் இதற்காகவே பொலித்தீன் பையில் டிஸ்கைச் சுற்றிக்கொண்டு, ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகேறி டவுனுக்கு வந்த கணக்கப்பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை.

எங்கே வைப்பது என்பது அடுத்தது. கடல் சூழ்ந்த ஊர், உப்புக் காற்று, ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை மாரி. ஈரம் பட்டால் டிஸ்கின் மேல் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கமாக மூடும் பேணிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தவை தப்பின. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தவை காந்தத்தால் அழிந்தன.

அப்புறம், 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. பூட்டிக் கிடந்த கடைகளுக்குள் கடல் வந்தது. கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே தரையில், பிரதி டிஸ்குகள் அதே மேசை லாச்சியில். இரண்டையும் ஒரே தண்ணீர் எடுத்தது. ஒரு தொகுதியை உவர்மலையில் வீட்டில் வைத்திருந்தவர்கள், யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பட்டியலோடு மறுபடி கடை திறந்தார்கள். உயிர்களை இழந்த நேரத்தில் கணக்கு பெரிதா என்று அப்போது சிலர் கேட்டார்கள். பிழைத்தவர்கள் அடுத்த மாதம் சாப்பிடுவதற்கு அந்தக் கணக்கும் வேண்டியிருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளியின் பங்காக நூற்றுக்கு 12. ஆண்கள் 55 வயதில், பெண்கள் 50 வயதில் அந்தப் பணத்தை எடுக்கலாம். 1990இல் இருபது வயதில் ஒரு கடையில் சேர்ந்த தம்பிக்கு 2025இல் 55 நிறைந்தது. 1995இல் இருபது வயதில் சேர்ந்த தங்கச்சிக்கு அதே ஆண்டில் 50. அதாவது, பிளொப்பிக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான் இப்போது பணம் எடுக்கப் போகிறார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அங்கத்துவ எண் பிழைத்திருக்கும், இடையில் சில மாதங்கள் காணாமல் இருக்கும். பழைய சம்பளப் பதிவு இருந்தால் தொழில் திணைக்களத்தில் பேச ஓர் ஆதாரம் கையில் இருக்கும். இடம்பெயர்ந்தபோது கடதாசிகள் போய்விட்டன. மிஞ்சியிருப்பது பல இடங்களில் அந்த டிஸ்க்தான். முதலாளி காலமான பிறகு பிள்ளைகள் கடையைத் துப்புரவாக்கும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான். என்னால் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

ஆகவே டிஸ்க் கிடைத்தால் உடனே டிரைவுக்குள் தள்ளாதீர்கள். 3.5 அங்குல டிஸ்கின் உலோக மூடியை விலக்கி, பின்னால் நடுவில் உள்ள தட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் அதைத் தனியே வையுங்கள். அது டிரைவின் தலையில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல டிஸ்கையும் சுரண்டிவிடும். சுத்தமாக இருந்தால், மூலையில் உள்ள சிறு துளை திறந்திருக்கும்படி பொத்தானைத் தள்ளுங்கள். 5.25 என்றால் ஓரத்து வெட்டை ஒட்டி மூடுங்கள். அப்போது யாரும் தவறியும் அதன்மேல் எழுத முடியாது. விண்டோஸ் ‘போர்மட் செய்யவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3.5 அங்குலத்துக்கு யூ.எஸ்.பி.யில் பொருத்தும் டிரைவ்கள் இன்றும் வாங்கலாம். சொனி நிறுவனம் 2011இல் டிஸ்க் விற்பனையை நிறுத்திவிட்டது, ஆனால் படிக்கும் கருவி அடியோடு மறைந்துவிடவில்லை. கோப்பு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காமல் முழு டிஸ்கையும் ஒரே மூச்சில் பிம்பமாக, அதாவது ஒரே கோப்பாக, பிரதி எடுத்துவிடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற இலவச புரோகிராம் படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, மறுக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். பல டிஸ்கில் பிரித்து எழுதிய பிகேசிப் தொகுதி என்றால் அவிழ்க்கும்போது கடைசி டிஸ்கைத்தான் முதலில் கேட்கும், ஏனென்றால் பட்டியல் அதில் இருக்கிறது. ஆகவே ஒரு டிஸ்க் குறைந்தாலும் தேடிப் பாருங்கள். டிபேஸ் கோப்பையும் பழைய லோட்டஸ் கணக்கு அட்டவணைக் கோப்பையும் லிப்ரே ஒபிஸ் என்ற புரோகிராம் திறக்கும். அதுவும் காசில்லாமல் கிடைக்கிறது.

5.25 அங்குல டிஸ்க்தான் கஷ்டம். அதற்கு அந்தக் காலத்து டிரைவ் வேண்டும். உங்கள் கடைப் பின்னறையில் அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது ஓடாவிட்டாலும் பரவாயில்லை, டிரைவைக் கழற்றிப் பாவிக்கலாம்.

எடுத்த கணக்கை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று கடைக்கு வெளியே. ஒன்றையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பென் டிரைவுக்கும் இது பொருந்தும். சம்பள விவரம் அடுத்தவர் பார்க்கக் கூடாத விஷயம், ஆகவே டிஸ்கைக் கண்ட கண்ட இடத்தில் கொடுக்காமல் பக்கத்தில் இருந்து எடுப்பியுங்கள். பிறகு உங்களிடம் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயருக்கான சம்பளப் பக்கத்தை பிரின்ட் எடுத்து, கையொப்பமிட்டு, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒக்டோபரில் மாரி தொடங்குமுன் இந்த வேலையை முடித்தால் நல்லது.

நன்றி. வணக்கம்.