பேரப்பிள்ளைக்குப் பொம்மையா? மூஞ்சியைப் பார்க்காதீங்க, அச்சைப் பாருங்க!

[திரையில்: மர வண்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. சக்கரம் மட்டும் சுற்றுகிறது.]

கடையில ஒரு பொம்மையைக் கையில எடுத்ததும் அது சிரிக்குதா, பாடுதா, கலர் எடுப்பா இருக்கான்னுதான் எல்லாரும் பார்க்கிறோம். அது வீட்டுக்கு வந்து எந்த இடத்துல உடையப்போகுதுங்கிறதைக் கடையிலேயே, அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிடலாம். பொம்மையைத் தலைகீழாத் திருப்புங்க. போதும்.

வணக்கம் மக்களே! ஒண்ணுல இருந்து மூணு வயசு வரைக்கும் இருக்கிற பேரன், பேத்திக்கு வாங்கித் தரப்போற தாத்தா பாட்டிகளுக்கான வீடியோ இது. அப்பா அம்மாவும் பார்க்கலாம், தப்பில்லை.

பொம்மை நட்ட நடுவுல உடையுறது ரொம்ப அபூர்வம். ரெண்டு பாகம் சேர்ற இடத்துலதான் விட்டுப்போகும். சக்கரத்தைப் பிடிச்சு வெளிப்பக்கமா இழுங்க, பக்கவாட்டுல ஆட்டுங்க. ரெண்டு சக்கரத்தையும் கோத்து ஒரே அச்சு குறுக்கே ஓடுனா நல்லது. சக்கரத்துக்கு ஒரு ஆணின்னு தனித்தனியா அடிச்சிருந்தா, ஆணி எங்க இறங்கியிருக்குன்னு பாருங்க. மரத்தோட நார் ஓடுற திசையிலேயே, வெட்டு முனையில இறங்கியிருந்தா பிடிப்பு கம்மி. குழந்தை நாலு நாள் இழுத்தா ஆணி கழண்டு வரும். அப்புறம் அது போற இடம் வாய்தான்.

வாய்னு சொன்னதும் அளவு. மூணு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைகளோட பொம்மையைச் சோதிக்க ஒரு உருளை வச்சிருக்காங்க. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதுக்குள்ள முழுசா அடங்குற எந்தத் துண்டும் ஆபத்து. வீட்டுல டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சுற அட்டைக் குழாயை வச்சுப் பாருங்க. அது இன்னும் கொஞ்சம் அகலம், அதனால பாதுகாப்பும் கூடுதல். குழாய்க்குள்ள நுழைஞ்சா வேண்டாம். இழுக்கிற கயிறு ஒரு சாணுக்கு மேல இருந்தா வெட்டிடுங்க, கழுத்துல சுத்திக்கும்.

பிளாஸ்டிக்கா? விரலால சுண்டுங்க. கண்ணாடி மாதிரி 'கிணிங்'னு கேட்டா நொறுங்குற ரகம், கீழ விழுந்தா கூர்கூராத் தெறிக்கும். ஒண்ணோட ஒண்ணு மாட்டி அடுக்குற கட்டை செய்யுற லெகோ கம்பெனியே 1963ல பழைய பிளாஸ்டிக்கை விட்டுட்டு ஏபிஎஸ்ங்கிற உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறுச்சு. பழசு வளைஞ்சு போச்சு, நிறமும் மங்குச்சு. அவங்களோட சின்னக் குழந்தை ரகம் டூப்லோ இருக்கே, நீளம், அகலம், உயரம் மூணுமே சாதாரண லெகோவைப் போல ரெண்டு மடங்கு. அதனால வாய்க்குள்ள போகாது. ஆனா வளர்ந்தப்புறம் வாங்குற சின்னக் கட்டையோட கச்சிதமாப் பொருந்தும்! ஒருதரம் வாங்குனா ஆறேழு வருஷம் ஓடும். விலைதான் மூச்சு முட்டும்.

பேட்டரி பொம்மைக்கு ஒரே வரி: மூடியில திருகு இல்லைன்னா கடையிலேயே வச்சிட்டு வந்துடுங்க. வட்ட பேட்டரியை முழுங்கிட்டா ரெண்டே மணி நேரத்துல உணவுக்குழாய் வெந்துபோகும்.

இப்ப இந்த வீடியோவோட ஹீரோ.

[திரையில்: கடைசல் எந்திரத்தில் மரக்கட்டை சுழல்கிறது. சிவப்பு அரக்குக் குச்சி மெல்ல உரசுகிறது.]

சென்னபட்டணா. பெங்களூர்ல இருந்து மைசூர் போற வழியில இருக்கிற ஊர். அங்க மரப் பொம்மை கடையுறது திப்பு சுல்தான் காலத்துல தொடங்குச்சுன்னு சொல்வாங்க, வரலாறு அவ்வளவு போதும். மரத்துக்கு வருவோம். அங்க 'ஆலே மர'ன்னு சொல்றது வேற ஒண்ணுமில்லை, நம்ம வெட்பாலை! இலையைத் தேங்காய் எண்ணெயில போட்டு வெயில்ல வச்சா ஊதா நிறமா மாறுமே, சித்த வைத்தியத்துல சொரியாசிஸுக்குத் தடவுறாங்களே, அதே மரம். வெள்ளையா, நெருக்கமான நாரோட இருக்கும். கடைஞ்சா சிலும்பு எழும்பாது.

அடுத்தது நிறம். இதுக்குப் பிரஷ்ஷும் கிடையாது, தின்னரும் கிடையாது. சுத்துற கட்டை மேல நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பாங்க. உரசுற சூட்டுலேயே அரக்கு உருகி மரத்துல ஒட்டிக்கும். அப்புறம் காய்ஞ்ச தாழை ஓலையை வச்சுத் தேய்ச்சாப் பளபளப்பு. மாத்திரை மேலயும் சாக்லேட் மேலயும் மினுமினுக்குதே, அந்தப் பூச்சும் இதே அரக்குப் பூச்சி தர்ற பிசின்தான். பெயிண்ட் மரத்துக்கு மேல தோல் மாதிரி உட்கார்ந்திருக்கும், அடிபட்டா செதில் செதிலா உரியும். சூட்டுல உருகிப் பிடிச்ச அரக்கு அவ்வளவு சுலபமா உரியாது. கடைசல் பொம்மையில மூலையும் கிடையாது, ஒட்டும் குறைவு. வளைய அடுக்கு வாங்கினா நடுக்கம்பை மட்டும் திருகிப் பாருங்க, பசை விட்டுப்போற இடம் அது ஒண்ணுதான்.

பலவீனம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு, அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அரக்கு ஆல்கஹால்ல கரையும். பேத்தி கீழ போட்ட பொம்மையைப் பாசமா சானிடைசர் போட்டுத் துடைச்சீங்கன்னா, மேல்பூச்சு பிசுபிசுன்னு கையோட வந்துடும்! வெந்நீரும் ஆகாது. தண்ணியில ஊறப்போட்டா மரம் உப்பி வெடிக்கும். ஈரத்துணியை நல்லாப் பிழிஞ்சு துடைச்சு, நிழல்ல உலர்த்துங்க. இன்னொண்ணு, அந்த ஊர்ப் பேரைச் சொல்லி விக்கிறதெல்லாம் தாவரச் சாயம் இல்லை. வெள்ளைத்துணியில கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்ங்க, நிறம் இறங்குனா வேண்டாம்.

ஐஎஸ்ஐ முத்திரை? 2021 ஜனவரி 1ல இருந்து இந்தியாவுல 14 வயசுக்குட்பட்டவங்களோட பொம்மைக்கு அது கட்டாயம். புவிசார் குறியீடு வாங்கின பொம்மைக்கும் பதிவு செஞ்ச கைவினைஞர்கள் செய்யறதுக்கும் விலக்கு இருக்கு. அதனால சென்னபட்டணா பொம்மையில முத்திரை இல்லைன்னா போலின்னு அர்த்தமில்லை. ஃபேக்டரி பிளாஸ்டிக்ல இல்லைன்னாத்தான் சந்தேகப்படணும்.

கடைசியா நடைவண்டி. உட்கார வச்சு உருட்டுற வாக்கரோட இதைக் குழப்பிக்காதீங்க. அந்த வாக்கரை விக்கவே கூடாதுன்னு கனடாவுல 2004லேயே தடை போட்டுட்டாங்க. நம்ம மூணு சக்கர நடைவண்டி குழந்தை தானா நின்னு தள்ளுறது. ஆனா அது மண் தரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் செஞ்ச சாமான். வழவழ டைல்ஸ்ல விட்டா வண்டி முன்னால ஓடிடும், குழந்தை பின்னால மூக்குல விழும். பழைய சைக்கிள் டியூப்பை வளையமா வெட்டி ஒவ்வொரு சக்கரத்துலயும் மாட்டிட்டா வேகம் அடங்கும். வாங்கும்போது கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்க. முன்சக்கரம் தூக்குச்சுன்னா பிள்ளை பிடிச்சு எழுந்திருக்கும்போது மேலேயே சாயும்.

உங்க ஊர்த் திருவிழாக் கடையில மர நடைவண்டி இன்னும் கிடைக்குதா? ஊர்ப் பேரோட கமெண்ட்ல போடுங்க. சானிடைசர் விஷயத்தை மட்டும் இப்பவே குடும்ப வாட்ஸப் குரூப்புல தட்டி விடுங்க!