ஈயக்கட்டிக்கும் வாடகையா? கரீபியன் டைவ் திட்டம், இரண்டாம் சுற்று

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு வீடியோ கொஞ்சம் சூடாகத்தான் ஆரம்பிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் ஒரு வாரத்துக்குக் கேட்டமரான் (இரட்டை உடல் பாய்மரப் படகு) எடுத்திருக்கிறோம் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? கடலடியில் மூச்சுவிடும் காற்றுச் சிலிண்டருக்கு வாடகை கேட்டு அங்கே ஒரு டைவ் ஷாப்புக்கு மெயில் போட்டிருந்தேன். நேற்று பதில் வந்தது. சிலிண்டருக்கு ஒரு விலை, சரி. காற்று நிரப்ப ஒரு விலை, அதுவும் சரி. கடைசி வரியில் என்ன தெரியுமா? மிதக்காமல் கீழே இறங்க இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிக்கு ஆளுக்கு, நாளொன்றுக்கு 5 டாலர்!

ஈயம் தேயுமா, கிழியுமா, வருஷா வருஷம் சர்வீஸ் பண்ண வேண்டுமா? கடலடியில் ஐம்பது வருஷம் கிடந்தாலும் அப்படியே கிடக்கும். விமானத்தில் எவனும் ஈயம் தூக்கிக்கொண்டு வரமாட்டான் என்று தெரிந்துதான் இந்த வேலை. எனக்கு இந்த மாதிரிச் சில்லறை வசூல் கண்ணில் காட்டக்கூடாது. சாப்பாட்டு பில்லில் தண்ணீர் பாட்டிலுக்கே சண்டை போடுகிற ஆள் நான், உங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் எழுதினேன். வாரம் முழுக்கச் சிலிண்டர் உங்களிடமே எடுக்கிறேன், ஈயத்தைச் சும்மா கொடுங்கள் என்று. இன்று காலை "ஓகே" என்று ஒரே வார்த்தையில் பதில்! வீட்டம்மா கேட்டாள், இதற்கு என்ன மிச்சம் என்று. மிச்சம் பெரிதில்லை. ஆனால் ஜெயித்தேன்.

அது இருக்கட்டும். கனடாவின் டோபர்மோரியில் டைவ் பண்ணிய வீடியோ பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், அந்தக் குளிர்ந்த ஏரித் தண்ணீரில் ட்ரைசூட்டை, அதாவது தண்ணீர் புகாத டைவ் உடையை, அமுக்க எவ்வளவு ஈயம் கட்டினேன் என்று. கரீபியனில் தண்ணீர் 27 டிகிரி பக்கம் இருக்கும், 3 மில்லிமீட்டர் வெட்சூட் (தண்ணீர் புகும் மெல்லிய டைவ் உடை) போதும். உப்புத் தண்ணீர் கூடுதலாக மிதக்க வைக்கும், ஆனால் சூட் மெல்லியது என்பதால் மொத்தத்தில் ஈயம் நன்றாகவே குறையும்.

இப்போது திட்டத்துக்கு வருகிறேன். கேப்டன் நம் மச்சான்தான். அவன் ஒன்டாரியோ ஏரியில் பாய்மரம் ஓட்டிப் பழகியவன், தண்ணீருக்குள் மட்டும் தலையை விடமாட்டான். அதுவும் நல்லதுதான், நானும் வீட்டம்மாவும் கீழே இருக்கும்போது படகில் விவரம் தெரிந்த ஒருவன் இருக்க வேண்டும். பிரச்சினை என்னவென்றால் அவன் காற்றைப் பார்த்து வழி போடுகிறான், நான் கடலடியைப் பார்த்து வழி போடுகிறேன்.

அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து. முக்கியத் தீவான டோர்டோலாவுக்குத் தெற்கே நார்மன், பீட்டர், சால்ட், கூப்பர், ஜிஞ்சர் என்று தீவுகள் வரிசையாகப் போய் வெர்ஜின் கோர்டாவில் முடியும். மேற்கிலிருந்து போனால் காற்றுக்கு எதிராகத்தான் போக வேண்டும். முதல் நாளே எஞ்சினைப் போட்டு வெர்ஜின் கோர்டாவுக்கு ஓடிவிடுவோம், பிறகு காற்று நம் முதுகில் என்றான் மச்சான். நான் மாட்டேன் என்றேன். ஒவ்வொரு தீவாகச் சின்னச் சின்ன ஓட்டமாகப் போனால் ஒவ்வொன்றிலும் ஒரு டைவ் கிடைக்குமே! எதிர்க்காற்றும் ஒரே நாளில் மொத்தமாக மூஞ்சியில் அடிக்காது. கடைசியில் அதுதான் முடிவானது.

முதல் மாலை நார்மன் தீவின் பைட் விரிகுடா. மறுநாள் விடிந்ததும் பக்கத்திலேயே இண்டியன்ஸ், கடலிலிருந்து எழும்பி நிற்கும் நான்கு பாறைகள். ஆழம் 15 மீட்டர் பக்கம்தான், முதல் டைவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் சீக்கிரம் போக வேண்டும். காரணம் மிதவை.

இந்த மிதவை விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். டைவ் இடங்களில் நங்கூரத்தைப் போட்டுப் பவளத்தை உடைக்கக்கூடாது. தேசியப் பூங்கா அமைப்பு போட்டிருக்கும் மிதவையில்தான் படகைக் கட்ட வேண்டும். மஞ்சள் என்றால் டைவ் ஷாப் படகுகளுக்கு. நீலம் என்றால் டிங்கிக்கு, அதாவது கரைக்குப் போகும் குட்டிப் படகுக்கு. நம்மைப் போல் சொந்தமாக டைவ் பண்ணுகிறவர்களுக்கு வெள்ளை, முதலில் வந்தவருக்கு முதலில், அதுவும் 90 நிமிடம்தான். கட்டுவது, மாட்டுவது, முகமூடியில் எச்சில் துப்பித் துடைப்பது, ஐம்பது நிமிடம் டைவ், ஏறிக் கழற்றுவது... வீட்டம்மா ஃபின் மாட்டும் வேகத்துக்கு 90 நிமிடம் எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கான பூங்கா அனுமதி படகுக்கு இருக்கிறதா என்று படகை வாடகைக்கு விடும் சார்ட்டர்காரர்களிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு தங்கும் மிதவை வேறு. அதிலும் ஆரஞ்சு நிறத்தவற்றை மொபைல் ஆப்பில் முன்பதிவு செய்து பிடிக்க வேண்டும், அன்றைய பதிவு காலை 7 மணிக்குத் திறக்கும். தட்கல் டிக்கெட் மாதிரி! விடுமுறைக்குப் போயும் அலாரம் வைத்து விரலைத் தயாராக வைத்திருக்க வேண்டுமா? அந்த வேலையை மச்சான் மனைவியிடம் ஒப்படைத்தாயிற்று.

இண்டியன்ஸ் முடித்து பீட்டர் தீவின் கீ பே. அங்கே வில்லி டி என்ற பழைய மிதக்கும் பார் மூழ்கிக் கிடக்கிறது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் அதைக் கரையில் தூக்கிப் போட்டது, அப்புறம் 2019இல் செயற்கைப் பாறைத்திட்டாக மூழ்கடித்தார்கள். கடற்கொள்ளையர் எலும்புக்கூடு பொம்மைகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தீம் பார்க் சமாச்சாரம் பிடிக்காது, வீட்டம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆகவே போகிறோம்.

இப்போது நான் காத்திருக்கும் இடம். ஆர்எம்எஸ் ரோன். சால்ட் தீவுக்குப் பக்கத்தில் கிடக்கும் 310 அடி நீள பிரிட்டிஷ் தபால் கப்பல். 1867 அக்டோபர் 29. புயல் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்த கேப்டன், பீட்டர் தீவில் நங்கூரம் போட்டு நின்றிருக்கிறார். புயல் வந்தது. முதல் பாதி ஓய்ந்ததும் ஆழ்கடலுக்குத் தப்பலாம் என்று கிளம்பும்போது நங்கூரம் சிக்கிப் போய்விட்டது, அதை விட்டுவிட்டே ஓடினார்கள். புயலின் கண் கடந்து காற்று எதிர்த்திசையில் திரும்பியபோது கப்பல் பாறைக்கு மிக அருகில். மோதியதும் குளிர்ந்த கடல்நீர் கொதிகலனில் பட்டு வெடித்து, கப்பல் இரண்டாகப் போனது. நூற்றுக்கு மேல் இறந்தார்கள். சிலரை சால்ட் தீவில்தான் புதைத்தார்கள், கல்லறைகள் இன்றும் இருக்கின்றன.

டைவ் கணக்கில் இந்த இரண்டு துண்டுதான் முக்கியம். முன்பகுதி 24 மீட்டர் ஆழத்தில், பின்பகுதி அதைவிட ஆழம் குறைந்த இடத்தில். வீட்டம்மாவிடம் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவ் சான்றிதழ்தான், 18 மீட்டர் வரம்பு. ஆகவே முன்பகுதிக்கு நான் மட்டும், பின்பகுதிக்கு இரண்டு பேரும். அங்கே பெரிய வெண்கலப் புரொப்பெல்லர் இருக்கிறது. டைவர்கள் ராசிக்காகத் தடவித் தடவிப் பளபளப்பாக்கிய ஒரு சன்னல் வளையமும் உண்டு. நான் தடவப் போவதில்லை, வீடியோவில் பாருங்கள்.

ஐயோ, இதைச் சொல்லவே இல்லை. ரோனுக்கு மட்டும் நாமாகப் போகவில்லை, கூப்பர் தீவில் இருக்கும் டைவ் ஷாப்போடு போகிறோம். நம் படகுக்கே வந்து ஏற்றிக்கொண்டு திரும்பக் கொண்டுவிடுவார்கள், ரான்டேவூ டைவிங் என்பார்கள். ஆளுக்குக் காசு அதிகம்தான். ஆனால் அந்த இடத்தில் நீரோட்டம் தெரிந்த கைடு வேண்டும், இதில் நான் பேரம் பேசவில்லை.

அப்புறம் வெர்ஜின் கோர்டா பக்கம் கோடியாக் குவீன். பேர்ல் ஹார்பர் தாக்குதலில் தப்பிய எரிபொருள் கப்பல் அது. 2017 ஏப்ரலில், மேலே ஒரு பிரம்மாண்ட இரும்பு ஆக்டோபஸ் வைத்து மூழ்கடித்தார்கள். அதே வருஷம் இர்மா வந்து ஆக்டோபஸைப் பிய்த்துவிட்டது. கப்பல் நன்றாக இருக்கிறது, 18 மீட்டருக்குள்தான்.

சிகுசென் பற்றிப் பலர் கேட்டீர்கள். 1981இல் மூழ்கிய ஜப்பானிய குளிர்பதனக் கப்பல், வடக்கே திறந்த கடலில் கிடக்கிறது. வடக்கு அலை அடங்கினால்தான் ஷாப் படகுகளே போகும். குளிர்காலத்தைவிட மே மாதத்தில் வாய்ப்பு அதிகம் என்பதால் ஒரு காலை நேரத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் நேராக அனெகாடா தீவு. அங்கே டைவ் கிடையாது, ஹார்ஸ்ஷூ ரீஃப் என்ற பவளத்திட்டில் நங்கூரமும் போடக்கூடாது. லாப்ஸ்டர் மட்டும். மதியமே ரேடியோவில் ஆர்டர் சொல்லிவிட வேண்டும், சாயங்காலம் போய் உட்கார்ந்தால் கோழிதான்.

திரும்பும் வழியில் காற்று முதுகில், மச்சானுக்குக் கொண்டாட்டம். கடைசி நாள் டைவ் இல்லை. தொடர்ந்து டைவ் பண்ணியவர்கள் விமானம் ஏற 18 மணி நேரமாவது விட வேண்டும், எங்களுக்குக் காலை விமானம். அந்த நாளை வெர்ஜின் கோர்டாவின் பாத்ஸ் பாறைகளுக்கு வைக்கலாம் என்றேன். அது காற்றுக்கு எதிர்ப்பக்கம், வேண்டுமானால் நீந்திப் போ என்கிறான் கேப்டன். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த வீடியோவில் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கும் கருவி) கைப்பையில் எப்படி வைப்பது என்று காட்டுகிறேன். வரட்டுமா?